எல்லா லைட்டும் எரியுதுங்க்கா

கண்ட்ரோல் ரூமில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் யாரோ, அவருக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலி இடப்பக்கம் சாயும். பயப்பட வேண்டாம், விழமாட்டீர்கள். நான் ஓய்வு பெறும்வரை அது சாய்ந்துகொண்டுதான் இருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆபீசில் கேட்டார்கள். எந்தக் கேபிளை எதில் செருகுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். நான் சொல்லப்போவது ஒரே விஷயம். சேலத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ இருக்கும் எதிர்முனை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் சர்வீஸ் முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் சம்பளம் வாங்கினேன். இந்த வருடம் அதே கேள்வி சம்பளம் இல்லாமல் என் வீட்டுக்கு வந்து நின்றது. காந்திமதி போனை எடுக்கவில்லை.

காந்திமதி யார் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நாமக்கல் பக்கம் இருக்கும் நம் ஹேச்சரியில், அதாவது முட்டையைப் பொரித்துக் குஞ்சு எடுக்கும் இடத்தில், நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவள். நாங்கள் இருவரும் இந்த நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர்கள். அவள் அங்கே, நான் சேலம் அஸ்தம்பட்டி ஆபீசில். கம்ப்யூட்டர் வந்து டெலிபோன் போர்டைக் கழற்றி எடுத்துப் போனபோது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டோம். அவள் நாமக்கல்லில் கற்றாள், நான் சேலத்தில் கற்றேன். பாடத்தில் சந்தேகம் வந்தால் போனில்தான் பேசித் தீர்த்துக்கொள்வோம். பல வருடம் அவள் முகத்தையே நான் பார்த்ததில்லை. குரலை வைத்து ஒல்லியான, உயரமான பெண் என்று நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது என் தோளுக்குத்தான் இருந்தாள்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கிளையிலும் இருக்கும் ஆள் நேரே போய் அங்கிருக்கும் ஸ்விட்ச்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டு விளக்கைப் போடும் ஸ்விட்ச் இல்லை. ஒரு லைனைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு சின்ன லைட் இருக்கும். எரிந்தால் இணைப்பு இருக்கிறது. அணைந்திருந்தால் இல்லை. பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும். மற்ற கிளைக்காரர்கள் ‘ஓகே மேடம்’ என்று வைத்துவிடுவார்கள். காந்திமதி மட்டும், “எல்லா லைட்டும் எரியுதுங்க்கா” என்று முழுசாகச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும்.

“சேலத்துல மழைங்களா?”

“ஏற்காடு மலை தெரியவே இல்ல காந்தி, அத்தனை மேகம்.”

“இங்க ஒரு பொட்டு இல்லீங்க்கா. உங்கூரு மேகத்த இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உடுங்க.”

இப்படித்தான் இருக்கும். என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல், யார் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. டீ ஆறிப் போகும். ஆறின டீயைத்தான் என் சர்வீஸ் முழுக்கக் குடித்தேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு ஒரு மேனேஜர் வந்தார். இளைஞர், கெட்டிக்காரர். புதிய கண்காணிப்பு முறையைக் கொண்டுவந்தார். இங்கிருக்கும் பெரிய ரவுட்டரே எல்லாக் கிளைகளின் இணைப்பையும் கவனிக்கும். இணைப்பு இருந்தால் திரையில் பச்சை, போனால் சிவப்பு. முதல் வேலையாக அந்தக் காலைப் போன்களை நிறுத்தினார். “இனிமே யாரும் நடந்துபோய் லைட் பார்க்க வேண்டியதில்ல மேடம். ஊர்க்கதையும் மிச்சம்” என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. ரவுட்டருக்கு மாமியார் கிடையாது, மகளுக்கு வரன் பார்க்க வேண்டியதில்லை. சொன்னதைச் செய்யும்.

அன்றிலிருந்து என் டீ சூடாக இருந்தது. குடிக்கத்தான் பிடிக்கவில்லை.

வேலை நேரத்தில் அவளுக்குப் போன் செய்ய எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, காரணம் கிடைக்கவில்லை. எல்லாம்தான் பச்சையாக இருந்ததே. நாமக்கல் என்று எழுதியிருக்கும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது ஒருநாள் சிவப்பாகாதா, கூப்பிட ஒரு சாக்கு கிடைக்காதா என்றுகூட நினைத்திருக்கிறேன். கண்ட்ரோல் ரூம்காரி நினைக்கக்கூடாத நினைப்பு. மேனேஜர் இதைப் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு சித்திரை மாத மதியம். வெளியே தார் இளகும் வெயில். இனிமேல் பொறுக்க முடியாது என்று தோன்றி, காரணம் இல்லாமலே காந்திமதியின் செல்போனுக்குக் கூப்பிட்டேன். அவள் குரலைக் கேட்டதும் பழைய கேள்விதான் வாயில் வந்தது.

“லைட்டெல்லாம் எரியுதா காந்தி?”

அவள் சிரித்தாள். “அதான் அங்க இருந்தே தெரியுதுன்னு சொன்னாங்களே. இப்ப எதுக்குங்க்கா?”

“சும்மா ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லேன். நான் லைன்லயே இருக்கேன்.”

முட்டைகளைச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் ஹாலுக்குள் யாரும் நினைத்தபோது நுழைய முடியாது. குளித்து, அங்கே கொடுக்கும் துணியை உடுத்திக்கொண்டுதான் போக வேண்டும். வெளிக்கிருமி உள்ளே போனால் மொத்தக் குஞ்சும் போய்விடும். அதனால் வெளி வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாக ஹாலின் ஸ்விட்சைப் பார்ப்பதுதான் அவள் வழக்கம். போனவள் மறுபடி பேசியபோது குரல் மாறியிருந்தது.

“அக்கா, ஹாலுக்கு வார லைனு லைட்டு எரியலீங்க. நெம்ப நல்லாப் பாத்துட்டேன். அணஞ்சு கெடக்குது.”

என் திரையில் நாமக்கல் பச்சையாக இருந்தது.

மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். “பச்சைதானே மேடம் இருக்கு? அந்தம்மா மூக்குக் கண்ணாடியை மாத்தணும்போல” என்றார். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. இந்த இடத்தில்தான் தம்பிகளும் தங்கைகளும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் திரை, ஒரு பக்கம் ஆள். இரண்டும் வேறு வேறு சொல்கின்றன. எதை நம்புவது?

நான் மூன்றாவதாக ஒன்றைப் பார்த்தேன். ஹாலுக்குள் எவ்வளவு சூடு என்று காட்டும் எண் திரையின் ஓரத்தில் இருக்கும். டீக்கு எழுந்து போகும்போது பார்த்த அதே எண் அப்போதும் இருந்தது. புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை. முட்டைகள் மூச்சு விடும் இடம் அது. அந்த எண் எப்போதும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அசையாமல் நிற்கிறது என்றால் அது இப்போதைய எண் இல்லை, கடைசியாக வந்து சேர்ந்த எண்.

“உள்ள ஆளை அனுப்பணும் சார்” என்றேன்.

“ஒண்ணும் இல்லாததுக்கு ஹாலைத் திறந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?”

“நான்.”

காந்திமதிக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. “ஆளெல்லாம் சோத்துக்குப் போயிட்டாங்க. நானே போறனுங்க. போனை வெச்சறாதீங்க்கா” என்றாள். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

“ஃபேன் நிக்குதுங்க்கா! உள்ள அடுப்பாட்டக் காயுது!”

கத்திக்கொண்டே ஓடி, காற்று வரும் கதவுகளை எல்லாம் அவள்தான் திறந்துவிட்டாள். சாப்பிடப் போனவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். வெளிச்சுவரில் ஏசி மாட்டத் துளை போட்டவர், சுவருக்குள் போன குழாயையும் சேர்த்துத் துளைத்திருந்தார். ஃபேனுக்குப் போன வயர், எச்சரிக்கை மணியின் வயர், நம் கேபிள் மூன்றும் அந்த ஒரே குழாயில். வெளியே மணி அடிக்கவில்லை, இங்கே சிவப்பு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஹாலில் இருந்த அத்தனை முட்டையும் வெந்திருக்கும். ஓர் ஓரத்து ட்ரேக்கள் போய்விட்டன. மற்றவை பிழைத்தன.

சரி, திரை ஏன் பச்சையாகவே இருந்தது? காந்திமதி மகள் கல்யாணத்துக்கு லீவில் இருந்த வாரத்தில், ஹேச்சரி கேட்டுக்கு ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அதற்கு இணைப்புக் கொடுக்க இடம் போதவில்லை. யாரோ கடையில் ஒரு சின்ன ஸ்விட்ச் வாங்கி, நம் லைனுக்கும் ஹாலுக்கும் நடுவில் செருகிவிட்டார்கள். அன்றிலிருந்து நம் ரவுட்டரின் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சின்னப் பெட்டி மட்டும்தான். அது உயிரோடு இருந்தது, அதனால் பச்சை. அதற்கு அப்பால் அறுந்துபோனது ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டர் பொய் சொல்லவில்லை. தெருமுனை வீட்டைப் பார்த்துவிட்டு, தெருவே சௌக்கியம் என்று சொன்னது.

அதன்பிறகு முறையை மாற்றினோம். நீங்கள் இன்று பார்க்கும் ஏற்பாடு அதுதான். கேபிள் செருகும் பக்கத்துத் துளையில் லைட் எரிகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், கடைக்கோடியில் இருக்கும் மெஷினைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ‘இருக்கியா?’ என்று ரவுட்டர் கேட்கும். அந்த மெஷினே பதில் சொல்ல வேண்டும், வேறு யாரும் அதற்காகச் சொல்லக் கூடாது. புது முறை வந்த வேகத்தில், ஒரு முறை பதில் வரவில்லை என்பதற்காகத் திருச்செங்கோட்டுக் கிளைக்கு மெக்கானிக்கை மொட்டை வெயிலில் பைக்கில் விரட்டினேன். அங்கே யாரோ செல்போனுக்குச் சார்ஜ் போட ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகியிருந்தார்கள். அவ்வளவுதான். மெக்கானிக் அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் மூன்று முறை கேட்பது என்று வைத்தோம். மூன்று முறையும் பதில் இல்லையென்றால் யோசிக்கக் கூடாது, கிளம்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

பிழைத்த முட்டைகள் பொரிந்த அன்று காந்திமதி கூப்பிட்டாள். “ஒண்ணு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, குஞ்சு ட்ரேயின் மேல் போனை நீட்டிப் பிடித்தாள். கீச் கீச்சென்று என் காதே நிறைந்துவிட்டது.

“கேக்குதுங்களாக்கா?”

“கேக்குது காந்தி.”

“அத்தனையும் நம்ம குஞ்சுங்க.”

அதற்குப் பிறகு அவள் தினமும் காலையில் தானாகவே போன் செய்தாள். மேனேஜர் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். நல்ல மனுஷர். அடுத்தடுத்து இருவரும் ஓய்வு பெற்றோம். பார்க்க ஸ்விட்ச் இல்லை என்றாலும் காலைப் போன் நிற்கவில்லை. ‘எல்லா லைட்டும் எரியுதுங்க்கா’ என்பதற்கு, நல்லா இருக்கேன் என்று அர்த்தமாகிவிட்டது.

இந்த வருடம் அது நின்றது. நான் கூப்பிட்டால் ரிங் போகும், எடுக்கமாட்டாள். அவளும் கூப்பிடமாட்டாள். ஆனால் காலையில் அவள் நம்பரிலிருந்து ரோஜாப்பூப் படம் போட்ட காலை வணக்கம் மட்டும் தவறாமல் வரும், ஊரில் எல்லோருக்கும் அனுப்பும் படம். ‘ஏன் போன் எடுக்கல?’ என்று எழுதிக் கேட்டேன். ‘வேலையா இருந்துட்டனுங்க்கா’ என்று பதில் வந்தது. ஓய்வு பெற்றவளுக்கு அப்படி என்ன வேலை? நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று பழைய பேச்சையெல்லாம் தோண்டித் தோண்டிப் பார்த்தேன். எனக்கும் ரோசம் உண்டு, ஆட்டையாம்பட்டியில் பிறந்தவள் நான். வேண்டுமானால் அவளே கூப்பிடட்டும் என்று இருந்தேன். காலையில் டீயைச் சூடாகக் குடித்தேன். அவள் குரலுக்கு ஏங்கிப் போனேன் என்பதுதான் உண்மை. கணவர் போனபோதுகூட வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஏனென்றால் அப்போது காலையில் அவள் போன் வந்தது.

ஒருநாள் ரோஜாப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. இது பச்சை லைட். அவள் போன் உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறது, அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரிங் போகிறது என்றால் டவர் இருக்கிறது, அவ்வளவுதான். நான் மூன்று முறைக்கு மேலேயே கேட்டாயிற்று. உங்களுக்குச் சட்டம் போட்டவள் நான், எனக்கு மட்டும் விலக்கா?

புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறினேன். கையில் எங்கள் ஊர் முறுக்கு ஒரு பொட்டலம்.

அவள் வீட்டு கேட்டிலேயே நின்றுவிட்டேன். வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். செல்போன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கேட்டில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டேன். அது தெருவுக்கே கேட்கும்படி அடித்தது. கைக்கு எட்டும் தூரம். அவள் திரும்பவில்லை. உளுந்தைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். அடித்து ஓயும்வரை அங்கேயே நின்றேன். இத்தனை மாதமும் நான் கூப்பிட்டபோதெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. இது புரிந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

எதிரில் போய் நின்றதும் முறத்தைக் கீழே வைத்து எழுந்தாள். “அக்கா! வாங்க, வாங்க. சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க” என்றாள். குரல் சத்தமாக இருந்தது. தன் குரலே கேட்காதவர்கள் பேசும் சத்தம்.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

“காது போயிருச்சுங்க்கா. மெஷின் வெச்சா பக்கத்துல பேசறது கொஞ்சம் வெளங்குது, போன்ல வெறும் எரச்சல்தான். உங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது? நாம காதை வெச்சே பொழச்சவங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீங்க பேசி, நான் வேற ஒண்ணு பதில் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு எடுக்கறதையே உட்டுட்டனுங்க. அப்பறம் அடிக்கறதே கேக்கறதில்ல.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசத்தான் எங்களுக்குத் தெரியும், சும்மா இருக்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம். பிறகு அவள் போனை வாங்கி நோண்டினேன். யாராவது கூப்பிட்டால் பின்பக்கத்து டார்ச் விட்டு விட்டு மின்னும்படி ஓர் ஏற்பாடு அதற்குள்ளேயே இருந்தது. அதைப் போட்டேன். போனைக் குப்புறக் கவிழ்த்து நாற்காலியில் வைத்துவிட்டு, கேட்டுக்குப் போய் நின்று கூப்பிட்டேன். நாற்காலியில் வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. திரும்பினாள். லைட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பழைய சிரிப்பைச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது தினமும் காலையில் டீயை ஊற்றி வைத்துவிட்டு அவளைக் கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரம் ரிங் போகவிட்டு வைத்துவிடுவேன். அங்கே லைட் மின்னும். சற்று நேரத்தில் என் போனில் அவள் எழுதியது வந்து நிற்கும், ரோஜாப்பூ இல்லாமல்.

‘எல்லா லைட்டும் எரியுதுங்க்கா.’

அதை நான் அவளைப் போலவே இழுத்து, வாய்விட்டுப் படிக்கிறேன். அப்போது அவள் குரல் எனக்குக் கேட்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு நினைவில் நிற்கும் என்று தெரியாது, அதனால் ஒருநாளும் படிக்காமல் விடுவதில்லை. டீ ஆறிவிடுகிறது.